இத்தாலிய ஆரம்பமும் எஃப்7 கட்டமும்: யாழ்ப்பாணத்து ஆட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாடசாலைகளின் வலயமட்டச் சதுரங்கப் போட்டியிலும் சரி, சனசமூக நிலையத்து வாங்கில் ஞாயிறு பின்னேரம் போட் விரித்து ஆடும்போதும் சரி, விளையாடத் தொடங்கி ஓரிரு வருடமான பிள்ளைகளிடம் இத்தாலிய ஆரம்பம் (கீழே உள்ள ஆட்டத்தில் 3. பிஷப் சி4 வரை வருவது) திரும்பத் திரும்ப வரும். வெள்ளை பிஷப் சி4க்கு வந்து எஃப்7ஐப் பார்க்கும். அதற்குப் பிறகு ஐந்தாறு நகர்த்தலுக்குள் யாரோ ஒருவர் தலையில் கை வைத்துக்கொள்வார். கீழே உள்ள 9 நகர்த்தல் ஆட்டம் விளக்கத்துக்காக அமைத்தது. கேள்விகளில் பாதி இந்த ஆட்டத்தைச் சுற்றியவை.

1. இ4 இ5
2. குதிரை எஃப்3, குதிரை சி6
3. பிஷப் சி4, குதிரை எஃப்6
4. குதிரை ஜி5, டி5
5. இ×டி5, குதிரை×டி5
6. குதிரை×எஃப்7, ராஜா×எஃப்7
7. ராணி எஃப்3 செக், ராஜா இ8
8. பிஷப்×டி5, குதிரை டி4
9. ராணி எஃப்7 மேட்

இந்தக் குறிப்பை எப்படி வாசிப்பது?

வெள்ளைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக நிரல்கள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். வரிசைகள் வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை. காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாயின் நகர்த்தல். × என்றால் வெட்டு. செக் என்றால் ராஜா தாக்கப்படுகிறது, மேட் என்றால் அதிலிருந்து தப்ப வழியில்லை, ஆட்டம் முடிந்தது. “5...” என்று புள்ளிகளோடு வந்தால் கறுப்பின் ஐந்தாவது நகர்த்தல். போட்டித் தாளில் நீங்கள் எழுதப்போவது ஆங்கில எழுத்துகளைத்தான், முறை ஒன்றே. போட் ஒன்றை விரித்து வைத்து, காய்களை நகர்த்திப் பார்த்துக்கொண்டே இதை வாசியுங்கள். கண்ணால் மட்டும் வாசித்தால் நாலாவது கேள்வியோடு பிடி விட்டுப்போகும்.

எல்லாரும் ஏன் எஃப்7ஐயே குறி வைக்கிறார்கள்?

ஆட்டம் தொடங்கும்போது கறுப்பில் ராஜா மட்டுமே காக்கும் கட்டம் அதுதான். டி7ஐ ராணி, பிஷப், குதிரை, ராஜா நான்கும் காக்கின்றன. எச்7ஐக் கோட்டை காக்கிறது. எஃப்7ஐக் காக்க ராஜாவைத் தவிர வேறு ஆள் இல்லை. வெள்ளைக்கு எஃப்2வும் இப்படித்தான், ஆனால் முதல் நகர்த்தல் வெள்ளையுடையது என்பதால் அடி பெரும்பாலும் கறுப்பின் பக்கமே முதலில் விழுகிறது. கறுப்பு சிறு கோட்டை கட்டினால் (ஒரே நகர்த்தலில் ராஜாவை ஜி8க்கும் எச்8 கோட்டையை எஃப்8க்கும் கொண்டுபோனால்) எஃப்8இல் நிற்கும் கோட்டை இரண்டாவது காவலாகிவிடும், பலவீனமும் பெருமளவு தீரும். ஆகவே முதல் ஏழெட்டு நகர்த்தலில் கறுப்பு தன்னையே கேட்க வேண்டியது: அதற்குள் நான் கோட்டை கட்டிவிடுவேனா?

“ஒரே காயை இரண்டு தரம் நகர்த்தாதே” என்று படிப்பிக்கிறார்கள். பிறகு 4. குதிரை ஜி5 எப்படிச் சரியாகும்?

அந்த அறிவுரை பொதுவாகச் சரி. ஆனால் இங்கே குதிரை சும்மா துள்ளவில்லை. பிஷப்பும் குதிரையுமாக எஃப்7ஐ இரண்டு பேர் தாக்குகிறார்கள், காவல் ஒன்றே. கறுப்பின் எஃப்8 பிஷப் இன்னும் வீட்டில் இருப்பதால் உடனே கோட்டை கட்டவும் முடியாது. 4...ராணி இ7 போட்டு இரண்டாவது காவல் வைத்தாலும் 5. பிஷப்×எஃப்7 செக், ராஜா டி8 என்று சிப்பாயும் போகும், கோட்டை கட்டும் உரிமையும் போகும். ஆகவே கறுப்புக்கு உருப்படியான வழி இரண்டுதான்: டி5 போட்டு பிஷப்பின் பாதையை அடைப்பது, அல்லது பிஷப் சி5 போட்டு எதிர்த்தாக்குதலில் இறங்குவது. மூன்றாவதாகப் பலர் போடும் 4...குதிரை×இ4 தவறு, 5. பிஷப்×எஃப்7 செக், ராஜா இ7, 6. டி4 என்று வெள்ளை நன்றாக வந்துவிடும். இங்கே வெள்ளைக்கும் ஒரு கண்ணி இருக்கிறது: ஆசைப்பட்டு 5. குதிரை×இ4 என்று வெட்டினால் 5...டி5 குதிரையையும் பிஷப்பையும் ஒன்றாகத் தாக்கும், கறுப்பு காயைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

குதிரை ஜி5 போடுவது சின்னப் பிள்ளைத்தனம் என்று சொல்லும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அதோடு எங்களுக்கு உடன்பாடில்லை. பின்னாளில் உலகச் சாம்பியனான பொபி ஃபிஷர் 1963இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் பிஸ்கையருக்கு எதிராக இதைத்தான் ஆடினார்.

ஆட்டத்தில் கறுப்பின் முதல் பிழை எது?

5...குதிரை×டி5. எடுத்த சிப்பாயை உடனே திருப்பி வெட்டுவது இயல்பு, அதனால்தான் இந்தப் பிழை இவ்வளவு பரவலாக நடக்கிறது. குதிரை டி5இல் நிற்கும் மட்டும் பிஷப்பின் பாதை அடைபட்டிருக்கிறது உண்மைதான். ஆனால் 6. குதிரை×எஃப்7 ராணியையும் எச்8 கோட்டையையும் ஒரே நேரத்தில் தாக்குவதால் ராஜா அதை வெட்டியே ஆக வேண்டும். அடுத்து வரும் 7. ராணி எஃப்3 செக் ராஜாவையும் டி5 குதிரையையும் சேர்த்துப் பிடிக்கிறது. 1610 அளவில் ரோமில் இத்தாலிய ஆட்டக்காரர் போலேரியோ ஆடியதாகப் பதிவாகியிருக்கும் ஆட்டத்திலேயே இந்தத் தியாகம் வருகிறது. நாலு நூற்றாண்டாகியும் கறுப்புப் பக்கம் அதே இடத்தில்தான் இடறுகிறது.

வெள்ளைக்கு இதைவிட ஆபத்துக் குறைந்த வழியும் உண்டு: 6. டி4. காயைத் தியாகம் செய்யாமல் மையத்தைத் திறந்துவிட்டு எஃப்7 மிரட்டலை அப்படியே வைத்திருப்பது. 6...இ×டி4 என்றால் 7. கோட்டை கட்டுங்கள், இ நிரல் திறந்துவிட்டதால் அடுத்து கோட்டை இ1 செக் வரும், கறுப்பு ராஜா இன்னும் நடுவில். கணக்குப் போடப் பழகாத பிள்ளைக்கு நாங்கள் 6. டி4ஐயே சொல்லிக் கொடுப்போம். கணக்குப் போடப் பழக வேண்டிய பிள்ளைக்கு 6. குதிரை×எஃப்7.

7. ராணி எஃப்3 செக் வந்த பிறகு ராஜா எங்கே போக வேண்டும்?

இ6க்கு. நடு போட்டுக்கு ராஜாவை நடத்திக்கொண்டு போவது பயமாகத்தான் இருக்கும், ஆனால் டி5 குதிரையைக் காப்பாற்றும் ஒரே நகர்த்தல் அதுதான். மற்றவற்றைப் போட்டில் வைத்துப் பாருங்கள்.

ராஜா ஜி8 என்றால் உடனே முடிவு: 8. பிஷப்×டி5 செக், ராணி×டி5, 9. ராணி×டி5 செக், பிஷப் இ6, 10. ராணி×இ6 மேட். எச்8இல் சொந்தக் கோட்டை, எஃப்8இல் சொந்த பிஷப், ஓட இடமில்லை. ராணி எஃப்6 என்று குறுக்கே வைத்தால் 8. பிஷப்×டி5 செக்கோடு குதிரை போய்விடும். மாதிரி ஆட்டத்தில் வந்த ராஜா இ8உம் குதிரையைக் கைவிடுகிறது.

7...ராஜா இ6க்குப் பிறகு வெள்ளை 8. குதிரை சி3 போடும். டி5ஐ இப்போது பிஷப், ராணி, குதிரை என மூவர் தாக்குகிறார்கள். அந்தக் குதிரை அசையவும் முடியாது, அசைந்தால் சி4 பிஷப் ராஜாவுக்குச் செக் வைக்கும். கறுப்பு மற்றக் குதிரையைக் கொண்டுவந்துதான் தாங்க வேண்டும்: 8...குதிரை இ7 அல்லது 8...குதிரை பி4. இரண்டாவது கொஞ்சம் கெட்டித்தனமானது, சி2ஐயும் தொடுகிறது, வெள்ளை 9. ராணி இ4 என்று சி2ஐக் காத்துக்கொண்டே இ5ஐயும் அழுத்தலாம். குதிரை இ7க்கு 9. டி4 என்று மையத்தை உடைப்பது வழமையான பதில். இங்கிருந்து வெள்ளை ஒரு காய் குறைவாக, ஒரு சிப்பாய் கூடுதலாக ஆடுகிறது. ஒவ்வொரு நகர்த்தலும் ஒரு மிரட்டலோடு வர வேண்டும். இரண்டு நகர்த்தலைச் சும்மா விட்டால் கறுப்பு மூச்சு விட்டுவிடும், பிறகு கையில் மிஞ்சுவது காய் நட்டம்தான். பாடசாலை மட்டத்தில் இந்தத் தியாகம் செய்து தோற்பவர்கள் தோற்பது இப்படித்தான்: எஃப்7இல் வெட்டும் மட்டும் மனப்பாடம், அதற்குப் பிறகு வெறும் செக், செக், செக்.

8...குதிரை டி4 ராணியைத் தாக்குகிறதே, அது ஏன் பிழை?

ராணியையும் சி2ஐயும் ஒன்றாகத் தாக்குவதால்தான் கை தானாக அங்கே போகிறது. ஆனால் வெள்ளையின் எட்டாவது நகர்த்தல் குதிரையை மட்டும் வெட்டவில்லை; பிஷப் டி5இலிருந்து எஃப்7ஐக் காக்கத் தொடங்கிவிட்டது. ராணி எஃப்7இல் இறங்கினால் ராஜாவால் வெட்ட முடியாது. டி7உம் இ7உம் ராணியின் பிடியில், டி8இலும் எஃப்8இலும் சொந்தக் காய்கள். எதிராளியின் நகர்த்தல் எதை வெட்டியது என்று பார்ப்பதோடு நிற்காமல், வந்து நின்ற இடத்திலிருந்து இனி எதைத் தொடுகிறது என்றும் பார்க்கப் பழகினால் இந்த மாதிரி மேட் பாதியாகக் குறையும்.

அந்த இடத்தில் கறுப்புக்கு ஓரளவு நல்லது 8...ராணி எஃப்6. அப்போது 9. பிஷப்×சி6 செக், பி×சி6, 10. ராணி×எஃப்6, ஜி×எஃப்6. வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூட, கறுப்பின் சிப்பாய்கள் சிதறல், ஆனாலும் ஆட்டம் இருக்கிறது. வெள்ளை அவசரப்பட்டு 10. ராணி×சி6 என்று போகக்கூடாது. எஃப்6 ராணி ஆறாவது வரிசை வழியாக வந்து அதை வெட்டிவிடும். அதுவே 8...ராணி இ7 என்றால் 9. பிஷப்×சி6 செக், பி×சி6, 10. ராணி×சி6 செக் வந்து ஏ8 கோட்டை விழும்.

அப்படியானால் கறுப்பு ஐந்தாவது நகர்த்தலில் என்ன ஆட வேண்டும்?

5...குதிரை ஏ5. ஓரத்துக் குதிரை நல்லதல்ல என்று படித்தவர்களுக்கு இது உறுத்தும். ஆனால் அது எஃப்7 மிரட்டலுக்கு மூலகாரணமான பிஷப்பைத் தாக்குகிறது. வழமையான தொடர்: 6. பிஷப் பி5 செக், சி6 7. டி×சி6, பி×சி6. கறுப்பு ஒரு சிப்பாயைக் கொடுத்திருக்கிறது, பதிலுக்கு வெள்ளையின் பிஷப்பையும் குதிரையையும் துரத்தித் துரத்தி நேரம் எடுக்கும். 8. பிஷப் இ2, எச்6 9. குதிரை எஃப்3, இ4 10. குதிரை இ5, பிஷப் டி6 11. டி4, இ×டி3 (இது போகிறபோக்கில் வெட்டுவது: இரண்டு கட்டம் பாய்ந்து பக்கத்தில் வந்த சிப்பாயை ஒரு கட்டமே வந்ததுபோல் வெட்டுவது, அடுத்த நகர்த்தலிலேயே செய்யாவிட்டால் உரிமை இல்லை) 12. குதிரை×டி3, ராணி சி7. கறுப்புக்குக் காய்கள் எல்லாம் திறந்த பாதையில், வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூட. இருவருக்கும் ஆடத்தக்க நிலை.

ஒன்பதாவது நகர்த்தலில் குதிரை எச்3 என்று ஓரத்துக்குப் போவதும் உண்டு. முதல் உலகச் சாம்பியன் ஸ்டெய்னிட்ஸ் விரும்பிய வழி, மேலே சொன்ன ஃபிஷரின் ஆட்டமும் அதுதான். கறுப்பு பிஷப்பால் அந்தக் குதிரையை வெட்டினால் வெள்ளையின் சிப்பாய் அமைப்புக் கெடும், ஆனால் இரு பிஷப்பும் வெள்ளையிடமே இருக்கும்.

எட்டாவது நகர்த்தலில் 8. ராணி எஃப்3 வந்தால் கறுப்பு கவனம். பி5 பிஷப்பை சி சிப்பாயால் வெட்டினால் ஏ8 கோட்டை ராணிக்குப் போய்விடும். 8...எச்6 அல்லது 8...கோட்டை பி8 ஆடுங்கள்.

இந்த வழியில் கறுப்பு செய்யும் பெரிய பிழை நகர்த்தலில் இல்லை, மனதில்தான். ஒரு சிப்பாய் குறைவு என்ற பதற்றத்தில் காய்களை மாற்றத் தொடங்கிவிடுவார்கள். சிப்பாய் குறைவாக உள்ள பக்கம் காய்களை மாற்ற மாற்றத் தோல்வி கிட்ட வரும். ராணியை மாற்ற எதிராளி கேட்டால் விலகிப் போங்கள்.

4...பிஷப் சி5 பற்றி யூடியூப்பில் பெரிதாகச் சொல்கிறார்களே?

டிராக்ஸ்லர் எதிர்த்தாக்குதல், பொஹேமியாவின் கரெல் டிராக்ஸ்லர் 1890இல் ஆடியது. 5. குதிரை×எஃப்7 என்று வெள்ளை பேராசைப்பட்டால் 5...பிஷப்×எஃப்2 செக் வந்து ஆட்டம் பற்றி எரியும். ஆனால் வெள்ளை 5. பிஷப்×எஃப்7 செக், ராஜா இ7, 6. பிஷப் பி3 என்று பின்வாங்கினால் ஒரு சிப்பாய் கூடுதலாக, பயமில்லாமல் இருக்கும். விரைவு ஆட்டத்தில் வேடிக்கைக்குச் சரி. நீண்ட ஆட்டத்தில் இதை நம்பி மாகாணமட்டத்துக்குப் போக வேண்டாம்.

வெள்ளையாக இந்தக் குழப்பம் ஒன்றும் வேண்டாம் என்றால்?

4. டி3. இ4ஐக் காத்துவிட்டு அமைதியாக ஆடலாம்: 4...பிஷப் சி5, 5. சி3 டி6, 6. கோட்டை கட்டு, கறுப்பும் கட்டும். பிறகு கோட்டை இ1, பி1 குதிரையை டி2, எஃப்1 வழியாக ஜி3க்குக் கொண்டுபோவது, பிஷப்பை பி3க்கு ஒதுக்குவது, எச்3 போட்டு ஜி4ஐ மூடுவது, நேரம் பார்த்து டி4. உலகத் தரப் போட்டிகளில் இன்று அதிகம் காணும் இத்தாலிய ஆட்டம் இதுதான்.

4. குதிரை சி3 மட்டும் வேண்டாம். இயல்பாகத் தோன்றும், ஆனால் 4...குதிரை×இ4! 5. குதிரை×இ4, டி5 என்று கறுப்பு காயை மீட்டு மையத்தையும் பிடித்துக்கொள்ளும்.

அமைதியான இத்தாலியத்தில் வழமையாக நடக்கும் பிழைகள் இரண்டு. கறுப்பு கோட்டை கட்டும் முன்னரே வெள்ளை பிஷப் ஜி5 போடுவது ஒன்று: எச்6, ஜி5 என்று சிப்பாய்கள் துரத்தும், அவற்றின் பின்னால் ராஜா இல்லாததால் கறுப்புக்கு நட்டமில்லை. மற்றது, கறுப்பு கோட்டை கட்டிய பிறகும் பழக்கதோஷத்தில் குதிரை ஜி5, குதிரை×எஃப்7, கோட்டை×எஃப்7, பிஷப்×எஃப்7 என்று வெட்டித் தள்ளுவது. புள்ளிக் கணக்கில் பிஷப்பும் குதிரையும் ஆறு, கோட்டையும் சிப்பாயும் ஆறு, சமம். ஆனால் நடு ஆட்டத்தில் இரண்டு சிறு காய்கள் தாக்குதலுக்குச் சேர்ந்து வேலை செய்யும். வெள்ளையின் கோட்டைகளோ திறந்த நிரல் கிடைக்கும் மட்டும் சும்மா நிற்கும். அத்தோடு வெள்ளை தன் வளர்ந்த (வெளியே வந்து வேலை செய்யும்) இரு காய்களையும் கொடுத்துவிட்டது.

மூன்றாவது நகர்த்தலிலேயே எச்6 போட்டு குதிரையைத் தடுத்துவிட்டால்?

ஜி5 மூடும். ஆனால் ஒரு நகர்த்தல் வீணாகும், வெள்ளை 4. டி4 அல்லது கோட்டை கட்டுதலோடு முந்திவிடும். குழப்பம் வேண்டாம் என்றால் அதைவிட 3...பிஷப் இ7 நல்லது. அழகில்லாத நகர்த்தல், ஆனால் அடுத்து குதிரை எஃப்6 வந்ததும் கோட்டை கட்டலாம்.

3...குதிரை டி4 போட்டு இ5 சிப்பாயை இலவசமாக விடுகிறார்கள். எடுக்கலாமா?

எடுக்கக்கூடாது. 4. குதிரை×இ5, ராணி ஜி5 5. குதிரை×எஃப்7, ராணி×ஜி2 6. கோட்டை எஃப்1, ராணி×இ4 செக் 7. பிஷப் இ2, குதிரை எஃப்3 மேட். இ2 பிஷப் அசைந்தால் ராஜா இ4 ராணியின் தாக்குதலுக்குள் வந்துவிடும் என்பதால் அதனால் அந்தக் குதிரையை வெட்ட முடியாது. கைத்தொலைபேசியில் ஆடிப் பழகிய பிள்ளைகள் இந்தப் பொறியோடுதான் வருவார்கள். சரியான பதில் 4. குதிரை×டி4, இ×டி4 5. கோட்டை கட்டு. கறுப்பு ஒரே குதிரையை இரண்டு தரம் நகர்த்தி அதையும் கொடுத்துவிட்டது. வெள்ளைக்கு வளர்ச்சி கூட.

நாலு நகர்த்தல் மேட்டை எப்படி நிறுத்துவது?

1. இ4 இ5 2. பிஷப் சி4, குதிரை சி6 3. ராணி எச்5 வந்தால் 3...ஜி6. திரும்ப 4. ராணி எஃப்3 வந்தால் 4...குதிரை எஃப்6. முடிந்தது, இனி வெள்ளை ராணி துரத்தப்படும். 3...குதிரை எஃப்6 மட்டும் போட்டால் ராணி எஃப்7இல் மேட். ராணி இரண்டாவது நகர்த்தலிலேயே எச்5க்கு வந்தால் முதலில் 2...குதிரை சி6 போட்டு இ5ஐக் காக்க வேண்டும். உடனே ஜி6 போட்டால் 3. ராணி×இ5 செக் ராஜாவையும் எச்8 கோட்டையையும் சேர்த்து அடிக்கும்.

காயைத் தொட்டால் நகர்த்தியே ஆக வேண்டுமா? போட்டியில் பிள்ளைகள் எந்த விதியில் மாட்டுகிறார்கள்?

ஆம், தொட்டால் நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால் வெட்ட முடிந்தால் வெட்ட வேண்டும். சரியாகக் கட்டத்தில் வைக்க விரும்பினால் முதலில் “சரிசெய்கிறேன்” என்று சொல்லிவிட்டு, உங்கள் முறை வரும்போது மட்டும் தொடுங்கள்.

கோட்டை கட்டுவதில்தான் சண்டை அதிகம். முதலில் ராஜாவை இரண்டு கட்டம் நகர்த்த வேண்டும், பிறகு கோட்டை. இரண்டும் ஒரே கையால். கோட்டையை முதலில் தொட்டால் அந்த முறை கோட்டை கட்ட முடியாது, கோட்டையைத்தான் நகர்த்த வேண்டும். இரண்டு கையாலும் செய்து மணிக்கூட்டையும் அழுத்திவிட்டால் அது விதிமீறிய நகர்த்தலாக எடுக்கப்படும். நீண்ட நேர ஆட்டத்தில் முதல் விதிமீறலுக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல், இரண்டாவதுக்குத் தோல்வி. வீட்டில் இரண்டு கையால் கட்டிப் பழகிய பிள்ளைக்கு இந்த 2 நிமிடம் அநியாயமாகப் போகும்.

சிப்பாய் எட்டாவது வரிசைக்குப் போனதும் அதை எடுத்துவிட்டு ராணியை வைத்த பிறகே மணிக்கூட்டை அழுத்துங்கள். ராணி கையில் கிடைக்கவில்லை என்றால் மணிக்கூட்டை நிறுத்தி நடுவரைக் கூப்பிடுங்கள். கோட்டையைத் தலைகீழாக வைத்து “இது ராணி” என்றால் செல்லாது, அது கோட்டைதான்.

சமநிலை கேட்பதென்றால் நகர்த்திவிட்டு, கேட்டுவிட்டு, மணிக்கூட்டை அழுத்துங்கள். கைத்தொலைபேசியை மண்டபத்துக்குள் கொண்டுவர வேண்டாம். பைக்குள் கிடந்தாலும் சிக்கல் வரலாம், வெளியே நிற்கும் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள்.

எந்த ஆட்டம் விரைவு, எது மின்னல்?

ஒருவருக்கான நிமிடங்களோடு, நகர்த்தலுக்குக் கூடும் வினாடியை 60ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். 25 நிமிடமும் 10 வினாடியும் என்றால் 25க்கு மேல் 10 நிமிடம், மொத்தம் 35, இது விரைவு. 10 நிமிடத்துக்கு மேல், 60க்குக் கீழ் இருந்தால் விரைவு. 10 அல்லது அதற்குக் கீழ் மின்னல்.

நேரத்தைச் செலவழிக்க ஒரு நடைமுறை: 25 நிமிட ஆட்டத்தில் தெரிந்த ஆரம்பத்துக்கு 2 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. எதிராளி கொப்பியில் இல்லாத நகர்த்தலைப் போட்ட அந்த இடத்தில் 3 நிமிடம் இருந்து யோசியுங்கள். எங்கள் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தெரிந்ததை யோசித்து ஆடுகிறார்கள், தெரியாதது வந்ததும் பட்டென்று போடுகிறார்கள்.

வீட்டில் எப்படிப் படிப்பது? ரியூசனுக்கு நடுவில் நேரமும் இல்லை.

ஒரு தவணைக்கு வெள்ளைக்கு ஒரு ஆரம்பம், இ4க்கு எதிராக ஒன்று, டி4க்கு எதிராக ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். ஆடிய ஒவ்வொரு நீண்ட ஆட்டத்தையும் அன்றிரவே கணனி இல்லாமல் ஒரு தரம் போட்டில் வைத்து ஆடிப் பாருங்கள். எங்கே பயந்தீர்கள், எங்கே எதிராளியின் மிரட்டலைப் பார்க்கவில்லை என்று தாளின் ஓரத்தில் இரண்டு வரி எழுதுங்கள். அதன் பிறகே கணனி. முதலிலேயே கணனியைத் திறந்தால் அது ஒரு எண்ணைக் காட்டும், பிள்ளை தலையாட்டும், அவ்வளவுதான்.

நாளுக்கு 20 நிமிடம் புதிர் போதும். அதில் பாதி எஃப்7, எச்7 தாக்குதல்களாக இருக்கட்டும். பாதுகாக்கும் பக்கத்துப் புதிர்களும் சேருங்கள். எல்லாரும் மேட் வைக்கவே பழகுகிறார்கள், மேட்டிலிருந்து தப்பப் பழகுபவர் குறைவு. மாதிரி ஆட்டத்தைக் கறுப்பின் பக்கம் இருந்து, ஏழாவது நகர்த்தலில் ராஜா இ6 போட்டு, நண்பருக்கு எதிராக ஐந்து தரம் ஆடிப் பாருங்கள். பிறகு பக்கம் மாறுங்கள்.

என்ன போட், என்ன காய் வாங்குவது?

போட்டி அளவில் கட்டம் 5 முதல் 6 சென்ரிமீற்றர், ராஜாவின் உயரம் 9.5 சென்ரிமீற்றர் அளவில். சுருட்டும் வினைல் போட் போதும். பையில் போகும், வியர்வைக் கை பட்டாலும் துடைக்கலாம். புதிதாக விரித்தால் ஓரம் மடங்கி நிற்கும், எதிர்ப்பக்கமாக ஒரு தரம் சுருட்டி வைத்தால் படியும். காய்கள் அடியில் பாரம் வைத்தவையாக இருக்கட்டும். எங்கள் வெயிலுக்கு மண்டபங்களில் விசிறி முழு வேகத்தில் சுற்றும்; பாரமில்லாத பிளாஸ்டிக் சிப்பாய்கள் ஒன்றிரண்டு விழுந்து, எந்தக் கட்டத்தில் நின்றது என்ற வாக்குவாதத்தில் ஆட்டம் கெடும். காந்தக் காய்களுள்ள சின்னப் பெட்டி பஸ்ஸுக்கு மட்டும்.

டிஜிட்டல் மணிக்கூடு வாங்கினால் வினாடி கூட்டும் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். மேலதிக மின்கலத்தைப் பையில் வையுங்கள்.

சர்வதேசத் தரப்புள்ளி எப்போது கிடைக்கும்?

தரப்புள்ளி உள்ள எதிராளிகளுக்கு எதிராகக் குறைந்தது 5 ஆட்டம் கணக்கில் வர வேண்டும். எல்லாம் ஒரே போட்டியில் என்றில்லை. 2024 மார்ச்சிலிருந்து ஆகக் குறைந்த தரப்புள்ளி 1400. அதற்குக் கீழ் வந்தால் பட்டியலில் பெயர் வராது. தரப்புள்ளிக்குக் கணக்கெடுக்கப்படும் போட்டியா என்று பணம் கட்டும் முன்னரே அறிவித்தலில் பாருங்கள். பாடசாலைப் போட்டி எல்லாம் அதில் சேராது.

கொழும்பில் போட்டி என்றால் பலர் இரவு பஸ்ஸில் போய், முகம் கழுவிக்கொண்டு நேரே முதல் சுற்றுக்கு இருக்கிறார்கள். 400 கிலோமீற்றருக்குக் கிட்ட இருந்து வந்த பிள்ளை அந்தச் சுற்றில் குதிரை எங்கே நிற்கிறது என்றே பார்க்காது. முடியுமென்றால் முதல் நாளே போய்ச் சேருங்கள். முடியாவிட்டால் முதல் சுற்றில் மட்டும் 4. டி3 ஆடுங்கள்.